கப்பித்தானிடம் இருக்கும் மறுபாதி

ஐயா, அந்தப் புளி மூட்டையைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறீர்களா? கோபித்துக்கொள்ளாதீர்கள். புளியில் ஈரம் இருக்கும். இந்த ஓலைப்பெட்டியில் ஒரு துணி இருக்கிறது. ஈரம் அதற்கு ஆகாது.

ஓடம் இன்னும் அக்கரையில்தானே நிற்கிறது? ஓடக்காரன் படுத்திருக்கிறானா, சாப்பிடுகிறானா? உங்கள் கண்ணுக்கு என்ன தெரிகிறது? எனக்கு அவ்வளவு தூரம் தெளிவாகத் தெரியவில்லை. கடலைப் பார்த்துப் பார்த்து என் கண்ணுக்கு இப்போது பெரிய பொருள்தான் பிடிபடுகிறது. அதோ, ஆற்று முகத்துக்கு அப்பால், தெற்கே, மூன்று பாய்மரம் தெரிகிறது பாருங்கள். அது மட்டும் நன்றாகத் தெரிகிறது. அந்தக் கப்பலுக்குத்தான் நான் போக வேண்டும்.

பாய் விரித்திருக்கிறதா? இல்லையே? நல்லது. விரித்தால் சொல்லுங்கள்.

நீங்கள் உட்காருங்கள். எனக்கு உட்கார்ந்தால் கால் குடைகிறது. நின்றே பேசுகிறேன். நடுவில் நடந்தாலும் நடப்பேன். காது உங்கள் பக்கம்தான் இருக்கும்.

என் பெயர் ஆபத்சகாயம். கொற்றங்குடித் துறைக்கு வந்து கும்பினிக் கிடங்கு ஆபத்சகாயம் வீடு எது என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட வழி காட்டும். சிரித்துக்கொண்டே காட்டும். அது வேறு விஷயம்.

எந்தக் கும்பினி என்கிறீர்களா? ஒல்லாந்தர் இல்லை. பரங்கியும் இல்லை. இவர்கள் அவர்களுக்கும் வடக்கே. அந்த ஊரில் குளிர்காலம் வந்தால் கடலே கல்லாகிவிடுமாம், அதன்மேல் வண்டி ஓட்டிப் போவார்களாம். அதை மட்டும் நான் நம்பவில்லை. மற்ற எல்லாவற்றையும் நம்பினேன்.

அவர்களுடைய முதல் கப்பல் எங்கள் துறைக்கு வந்தபோது என் தலையில் ஒரு நரைகூட இல்லை. கப்பித்தான் கிழவர். தாடி, நீலக் கண், பல் பாதிதான். துபாஷி வாயால்தான் பேசினோம், ஆனால் பேச்சில் ஒரு நேர்மை இருந்தது. எங்கள் ஊர்ச் சிவப்புத் துணி வேண்டும் என்றார். சாயவேரில் தோய்த்த சிவப்பு. அதைக் கிழக்கே தீவுகளுக்குக் கொண்டுபோனால், அங்கே மிளகும் கிராம்பும் கொடுப்பார்களாம். வெள்ளிக் காசைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்களாம். துணியைக் காட்டினால்தான் மூட்டையை அவிழ்ப்பார்களாம். அந்த மிளகை ஏற்றிக்கொண்டு இவர்கள் ஊருக்குப் போக வேண்டும். ஆக, கடல் கல்லாகிற ஊரில் ஒருவன் கஞ்சியில் மிளகு போட வேண்டுமென்றால், இங்கே என் மச்சான் சாயத்தொட்டியில் கையை விட வேண்டும். இதை நினைத்து நினைத்து எனக்கு அன்று ராத்தூக்கமே இல்லை.

மச்சானிடம் சொன்னேன். என் பெண்டாட்டியின் அண்ணன் அவர். தாண்டவராயன் என்று பெயர். எங்கள் தெருவில் சாயத்தொட்டிகளெல்லாம் அவர் பொறுப்பு. அவர் காதில் இருந்த குச்சியை எடுத்துவிட்டு, "அப்ப அவன் கஞ்சி குடிக்கிற வரைக்கும் நமக்கும் கஞ்சி உண்டுன்னு சொல்லு மச்சான்" என்றார். இவ்வளவுதான் அவருக்குப் புரிந்தது.

துணி ஏற்றி முடிந்த பிறகு, கடற்கரையில் வைத்துக் கப்பித்தான் ஒரு காரியம் செய்தார். நல்ல துண்டாக ஒன்றை எடுத்து, கத்தியால் குறுக்கே இரண்டாக வெட்டினார். ஒரு பாதியைத் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். மறுபாதியை என் கையில் கொடுத்தார். அடுத்த முறை வரும்போது இந்த இரண்டு பாதியும் ஒன்றுபோல இருக்க வேண்டும், கிடங்கில் இருக்கும் துணியெல்லாம் இந்தப் பாதிபோல இருக்க வேண்டும், இருந்தால் அவ்வளவையும் எடுத்துக்கொள்வேன் என்றார். அதுதான் ஒப்பந்தம். வேறு எழுத்துக் கிழுத்து ஒன்றும் இல்லை.

பிறகு என் தோளில் கைவைத்து ஒன்று சொன்னார். "ஈரம் படாமல் பார்த்துக்கொள்." கப்பலின் அடித்தட்டில் ஈரம் ஏறிக் கெட்டுப்போன ஒரு துணியைக் கொண்டுவரச் சொல்லிக் காட்டினார். கரும்புள்ளி விழுந்து, அழுகின வாழைப்பட்டைபோல நாறியது. நான் அவர் கையைப் பிடித்து, ஒரு துளி ஈரம் படாது என்று வாக்குக் கொடுத்தேன்.

கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேனா இல்லையா என்பதுதான் இப்போது வழக்கு. அதற்காகத்தான் போகிறேன்.

ஓடம் அசைகிறதா? அசைந்த மாதிரி இருந்தது. சரி, இல்லை.

வெட்டின ஓரத்தில் நூல் பிரிந்துகொண்டே வந்தது. அன்றைக்கே பெரியநாயகி, என் பெண்டாட்டி, அந்த ஓரத்தை மூன்று மடிப்பாக உள்ளே மடித்து நெருக்கமாகத் தையல் போட்டுக் கொடுத்தாள். அவள் தையல் நன்றாக இருக்கும். அதே தொட்டியில், அதே நாளில் தோய்த்த துணியில் கொஞ்சம் மிஞ்சியது. தங்கச்சிக்கு இருக்கட்டும் என்று மச்சான் அதை ஒரு சேலையாகக் கொடுத்தார். ஒரு பொங்கலுக்குக் கட்டினாள். பிறகு பெட்டியில் வைத்துவிட்டாள். எதையும் அனுபவிக்கத் தெரியாதவள்.

நான் அப்படி இல்லை. எங்கள் ஊர்க் கடற்காற்று உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. உப்பைக் கிண்ணத்தில் வைத்தால் மத்தியானத்துக்குள் தண்ணீராகிவிடும். அந்த ஊரில் ஒரு துணியை ஈரம் படாமல் வைப்பது சாதாரணமா? தினமும் வெயில் ஏறியதும் கிடங்கு வாசலில் கொடி கட்டி, அந்தப் பாதியை விரித்துக் காயப்போடுவேன். வெயில் இறங்கினால் எடுத்து மடித்து உள்ளே வைப்பேன். மழைக்காலத்தில் மேகம் விலகி ஒரு கீற்று வெயில் விழுந்தால்கூட ஓடிப்போய் விரிப்பேன். ஒருநாள் தவறினதில்லை. காய்ச்சலில் கிடந்தபோதும் எழுந்து வந்து விரித்தேன். தெருவில் அதைப் பார்த்துத்தான் பொழுதைத் தெரிந்துகொள்வார்கள். "ஆபத்சகாயம் துணி காயுது, மாட்டை அவுத்து விடு" என்பார்கள்.

அடுத்த வருஷம் கப்பல் வரவில்லை.

அதற்கு அடுத்த வருஷமும் வரவில்லை. காற்று சரியில்லை என்றார்கள். அப்புறம் அவர்கள் ஊரில் சண்டை என்றார்கள். அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை, சொல்ல ஆள் இல்லை. கும்பினி இங்கே விட்டுப்போனவர்களில் சிலர் காய்ச்சலில் போனார்கள். சிலர் ஒல்லாந்தரிடம் வேலைக்குப் போனார்கள். கடைசியில் ஒரு பீரங்கிக்காரர் மட்டும் மிஞ்சினார். பீரங்கி துருப்பிடித்துப் போயிற்று, அதில் கோழி முட்டையிட்டது. அவர் எங்கள் வீட்டில்தான் சாப்பிடுவார். அவரிடம்தான் அவர்கள் பாஷையைச் சுத்தமாகக் கற்றுக்கொண்டேன். சாகும் வரைக்கும் சொல்லிக்கொடுத்தார். கள் குடித்திருந்தால் இன்னும் நன்றாகச் சொல்லிக்கொடுப்பார்.

நான் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் புதுத் துணி நெய்து, தோய்த்து, கிடங்கை நிரப்பி வைப்பேன். கப்பல் வரும் காலம் போய்விட்டால் அதைச் சந்தையில் வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, மறுபடியும் புதிதாகத் தொடங்குவோம். கப்பல் வந்து நிற்கும்போது பழந்துணியையா காட்டுவது?

இதில் மச்சானோடு எனக்கு ஓயாத சண்டை. சாயம் போட்டுக் கொண்டுவருவார். நான் மாதிரியை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். அவர் துணி கூடுதலாகச் சிவந்திருக்கும். "மச்சான், அதிகம்" என்பேன்.

"என்ன அதிகம்? எங்கப்பன் போட்ட சிவப்பு இது. என் கைக்குத் தெரியும்."

"உங்கள் கைக்குத் தெரிந்து என்ன? கப்பித்தான் கண்ணுக்குத் தெரிய வேண்டும். மாதிரியைப் பாருங்கள். ஒத்துப்போகிறதா?"

பார்ப்பார். ஒத்துப்போகாது. தலையைச் சொறிவார். "ஆமா, இல்லதான்" என்பார். போய் ஒரு தோய்ப்புக் குறைத்துக்கொண்டு வருவார். அப்போது சரியாக இருக்கும். இரண்டு வருஷம் சரியாக இருக்கும். பிறகு பார்த்தால் மறுபடியும் கூடுதலாகிவிடும். கை சும்மா இருக்காது போலிருக்கிறது. மறுபடியும் குறைக்கச் சொல்வேன்.

ஒருதடவை அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "மச்சான், இப்படியே போனா சாயவேரைத் தொட்டிக்குப் பக்கத்துல வச்சிட்டு, துணிகிட்ட சொன்னாப் போதும்னு ஆயிடும்" என்றார். தொட்டிக்காரப் பயல்களெல்லாம் சிரித்தார்கள். "இந்தத் துணியைத் தினம் கொடியில போடறியே, அதுக்குக் கொஞ்சம் ஓய்வு குடேன்" என்றும் சொன்னார். பொறாமைதான். கப்பித்தான் பாதியைக் கொடுத்தது என் கையில், அவர் கையில் இல்லை. ஆனால் ஒன்று, செலவு குறைந்ததில் அவருக்கு வருத்தம் இல்லை. சாயவேர் மிச்சமாகிறது என்று அப்புறம் அவரே கேட்காமல் குறைக்கத் தொடங்கிவிட்டார்.

நாகூரிலிருந்து மரைக்காயர் ஒருவருடைய ஆள் வருஷா வருஷம் வருவான். காதர் மீரான் என்று பெயர். நல்ல பேச்சுக்காரன். துணியை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இந்த நிறம் கடலுக்கு அந்தப் பக்கம் கெடாவுல பொம்பளைங்க பிச்சிக்கிட்டுப் போவாங்க. விடியக்காலத்து வானம் மாதிரி இருக்கு. எங்க முதலாளி கப்பல்ல ஏத்திவிடுங்க" என்பான். இது கும்பினித் துணி என்று சொல்லி அனுப்பிவிடுவேன். "கும்பினி எங்கண்ணே இருக்கு?" என்று கேட்பான். கடலைக் காட்டுவேன். அவனும் மரியாதைக்குத் திரும்பிப் பார்ப்பான். கடலில் ஒன்றும் இருக்காது.

ஐயா, தயவுசெய்து, அந்தப் பாய்மரத்தை ஒரு பார்வை பாருங்கள். அப்படியேதானே இருக்கிறது? காற்று இன்னும் கச்சான்தான், மேற்கேயிருந்துதான் அடிக்கிறது. வாடைக்காற்று தொடங்கினால் அவர்கள் நிற்கமாட்டார்கள், மழைக்கு முன்னால் போய்விடுவார்கள். கன்னத்தில் இப்போது ஒரு குளிர் பட்டதே, உங்களுக்குப் படவில்லையா? எனக்குத்தான் தோன்றியதோ.

என்ன சொல்லிக்கொண்டிருந்தேன்? கடலைப் பார்ப்பது. ஆமாம். நான் கடலைப் பார்ப்பதை வீட்டில் ஒரு குற்றமாகவே வைத்திருந்தார்கள். என் மகள் சௌந்தரி கல்யாணத்தன்று கடலில் பாய் ஒன்று தெரிகிறது என்று யாரோ சொன்னார்கள். ஓடிப்போய்ப் பார்த்தேன். ஒல்லாந்தர் கப்பல். உடனே திரும்பி வந்துவிட்டேன். அதற்குள் தாலி கட்டி முடித்துவிட்டார்கள். அவர்களுக்கு அப்படி என்ன அவசரம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அந்த சௌந்தரி, கப்பித்தான் வந்துபோனபோது தொட்டிலில் கிடந்தவள். இப்போது அவள் பிள்ளை தொட்டிலை விட்டு இறங்கி ஓடுகிறது. பேரனுக்கு என்னைப் பார்த்தால் பேச்சு வராது. முதுகைத்தான் அதிகம் பார்த்திருக்கிறான்.

சரி, கப்பல் வந்த கதைக்கு வருகிறேன்.

இந்தப் புரட்டாசியில் வந்தது. நான்தான் முதலில் பார்த்தேன். பாய், பிறகு கொடி. அதே கொடி. நான் கத்தவில்லை ஐயா. கிடங்கு வாசலில் காய்ந்துகொண்டிருந்த துணியை எடுத்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். தெருவே ஓடி வந்தது. என்னைப் பார்த்துச் சிரித்த பயல்கள் எல்லாரும் வந்தார்கள். மச்சான் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "வந்துட்டான்யா" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அதை நான் மறுக்கமாட்டேன்.

பழைய கப்பித்தான் இல்லை. எப்போதோ இறந்துவிட்டாராம். புதுக் கப்பித்தான் கரைக்கே வரவில்லை. ஒரு சின்ன வயதுக் கணக்கனை அனுப்பினான், மீசை இப்போதுதான் முளைக்கிறது. நான் அவர்கள் பாஷையில் நல்வரவு சொன்னேன். பீரங்கிக்காரர் சொல்லிக்கொடுத்த அதே சொற்கள், ஒன்றையும் விடவில்லை. அந்தப் பையன் முகம் குங்குமமாகிவிட்டது. கூட வந்த மாலுமிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். இந்தக் கரையில் ஒருவன் இவ்வளவு நன்றாகப் பேசுவான் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்கமாட்டார்கள்.

பையன் கையில் அதே தகரப் பெட்டி. பழைய கப்பித்தான் பூட்டின பெட்டி. கிடங்குக்குள் வந்து, கட்டி வைத்திருந்த ஒரு துணிப் பேல்மேல் வைத்துத் திறந்தான். அவர்கள் பாதியை எடுத்து விரித்தான். நான் என் பாதியைப் பக்கத்தில் விரித்தேன்.

வாசலில் நின்றவர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

ஐயா, அவர்கள் பாதி என்ன நிறம் தெரியுமா? கருஞ்சிவப்பு. வெற்றிலை போட்ட வாய்போல. என் பாதி அப்படி இல்லை. கொஞ்சம் இளசாக இருக்கிறது என்று சொல்லலாம். பையன் இரண்டையும் பார்த்தான். கிடங்கில் அடுக்கியிருந்த பேல்களைப் பார்த்தான். ஒன்றைப் பிரிக்கச் சொல்லிப் பார்த்தான். தலையை ஆட்டினான். "இல்லை" என்றான். அவன் பேசினதில் அந்த ஒரு சொல்தான் எனக்கு நன்றாகப் புரிந்தது.

நான் விடவில்லை. கிடங்குக்குள் இருட்டு, இங்கே எந்தத் துணியும் இரண்டு விதமாகத் தெரியும், வெளியே வெயிலில் கொண்டுவந்து போடு என்றேன். கையைப் பிடித்து இழுத்தேன். உதறிவிட்டு, அவர்கள் பாதியை மடித்துப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டான். நியாயமா இது? இத்தனை காலம் காத்திருந்தவன் கேட்டது என்ன? ஒரு கணம் வெயிலில் போட்டுப் பார் என்பதுதானே?

இதற்கு நடுவில் பெரியநாயகி என்ன செய்தாள் தெரியுமா? வீட்டுக்குப் போய், பெட்டியடியில் கிடந்த அந்தப் பழைய சேலையைக் கையில் எடுத்துக்கொண்டு கிடங்கு வாசலில் வந்து நிற்கிறாள். அத்தனை ஆண்பிள்ளைகளுக்கு நடுவில். "உங்களைத்தான். இங்கே ஒருதடவை திரும்பிப் பாருங்க" என்கிறாள். கும்பினி வியாபாரத்தில் சேலைக்கு என்ன வேலை? உள்ளே போ என்றேன். அவள் போகவில்லை. பையன் படகில் ஏறிக்கொண்டிருந்தான். என் கண்ணெல்லாம் அங்கே இருந்தது. நான் திரும்பவில்லை. அவள் அண்ணன்தான் அந்தச் சேலையை வாங்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு மடித்து அவள் கையிலேயே கொடுத்துவிட்டார்.

கப்பல் தண்ணீரும் அரிசியும் ஏற்றத் தெற்குத் துறைக்குப் போய்விட்டது. அதோ நிற்கிறதே, அதுதான்.

மறுநாள் காலை துணியைக் கொடியில் போட்டுவிட்டுக் கிடங்கைத் திறந்தால், உள்ளே ஒன்றும் இல்லை. துடைத்துவிட்ட மாதிரி. மச்சான் எல்லா பேலையும் காதர் மீரானிடம் கொடுத்துவிட்டார். நான் அங்கே நிற்கிறேன், எதிரே மச்சான் நிற்கிறார், பக்கத்தில் காதர் மீரான். "அண்ணே, கெடா போகுது. சந்தோஷமா போகும்ணே" என்கிறான் அவன்.

"கும்பினித் துணியை யாரைக் கேட்டு விற்றீர்கள்?" என்று கேட்டேன்.

"கும்பினிதான் வேணாம்னுட்டானே மச்சான்."

"இருட்டில் பார்த்துவிட்டுச் சொன்னான்."

"வெளிச்சத்துல பார்த்தாலும் அதையேதான் சொல்வான்." பிறகு, குரலைத் தாழ்த்தி, "தெருவுல எல்லாரும் சாப்பிடணும்யா" என்றார்.

இதுதான் என் குறை. கடல் கல்லாகிற ஊர்க்காரன் செய்ததைவிட இதுதான் எனக்கு ஆறவில்லை. ஒரு நாள் பொறுக்கக் கூடாதா? நான் போய்ப் புதுக் கப்பித்தானைப் பார்த்து, இரண்டு பாதியையும் வெயிலில் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, கண்ணால் பார் என்று சொல்லி அழைத்துவரமாட்டேனா? இப்போது அவன் ஒப்புக்கொண்டாலும் ஏற்றுவதற்குத் துணி இல்லை. இருக்கட்டும். துணி மறுபடியும் நெய்துகொள்ளலாம். ஆபத்சகாயம் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான், பாதியைக் கெடாமல் வைத்திருந்தான் என்று அவன் வாயால் சொல்ல வேண்டும். அது போதும் எனக்கு. அதைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவேன். போய் மச்சான் முன்னால் நிற்பேன். பெரியநாயகி முன்னாலும்தான். அவள் இப்போது என்னோடு பேசுவதில்லை. சோறு வைக்கிறாள்.

ஓடம் கிளம்பிவிட்டதா? நிஜமாகவா? அப்பாடா. நடு ஆற்றுக்கு வருவதற்குள் இதை ஒரு பார்வை பார்த்துவிடலாம். காலையில் அந்த வாய்க்காலைத் தாண்டும்போது கால் வழுக்கிப் பெட்டியின் ஒரு மூலை நனைந்துவிட்டது. வெயில் நன்றாக அடிக்கிறது. உதறி ஒரு காய்ச்சல் காயவிட்டால் சரியாகிவிடும். நீங்கள் அந்த முனையைப் பிடித்துக்கொள்கிறீர்களா? புளிக் கை இல்லையே? துடைத்துக்கொண்டீர்களா? கெட்டியாகப் பிடியுங்கள். அப்படித்தான். வெயில் முகமாக. பார்த்தீர்களா, எவ்வளவு சுத்தமாக இருக்கிறது? ஒரு புள்ளி உண்டா? ஒரு நாற்றம் உண்டா? முகர்ந்து பாருங்கள். வெயில் வாசனைதான் வரும்.

என்ன, எதைப் பார்க்கிறீர்கள்?

அது ஓரம். நீங்கள் பிடித்திருப்பது வெட்டின ஓரம். அவள் தைத்தது. நூல் விட்டுவிட்டதா? பழைய நூல்தானே, வழியில் எங்காவது மாட்டியிருக்கும். பிரிக்காதீர்கள் ஐயா, நூல் நூலாக வந்துவிடும்.

மடிப்புக்குள்ளேயா? என்ன இருக்கிறது மடிப்புக்குள்ளே?

இங்கே கொடுங்கள்.

ஈரம்தான். காலையில் பட்ட ஈரம். ஈரம் பட்டால் எந்தத் துணியும் கொஞ்சம் கறுக்கும். நீங்கள் வேறு பயமுறுத்துகிறீர்கள். தொட்டுப் பாருங்கள், சில்லென்று இருக்கும்.

காய்ந்திருக்கிறதா?

நன்றாகத் தொட்டுப் பாருங்கள்.

நனைந்தது அந்த மூலை. இது இல்லை. ஆமாம். இது நனையவில்லை.

ஓரம் முழுக்க இப்படித்தான் இருக்கிறதா? இந்தப் பக்கமும்? மூன்று மடிப்பு மடித்திருக்கிறாள். உள்ளே போகப் போகக் கருஞ்சிவப்பு... இதை யாரும் பிரித்ததில்லை ஐயா. அவள் தையல் இது. எனக்குத் தெரியும். சௌந்தரியைத் தொட்டிலில் போட்டுவிட்டு, காலால் தொட்டிலை ஆட்டிக்கொண்டே தைத்தாள். வெற்றிலை போட்டிருந்தாள். பல்லால் நூலைக் கடித்தாள். இது அந்தக் கணக்கப் பையன் செய்ததாக இருக்க முடியாது. அவன் கை இதன்மேல் படவே இல்லை.

அந்தச் சேலை இப்போது எந்தப் பெட்டியில் இருக்கிறதோ. அன்று கையில்தான் வைத்திருந்தாள். வாசலில் நின்றாள். திரும்பிப் பாருங்கள் என்றாள்.

ஓடம் வந்துவிட்டது. தெரிகிறது. நீங்கள் ஏறுங்கள். ஆள் நிறைய வருகிறார்கள், உங்கள் மூட்டைக்கு இடம் கிடைக்காது, சீக்கிரம் ஏறுங்கள்.

நானா? நான் அடுத்த நடைக்கு வருகிறேன். இல்லை, ஒன்றுமில்லை. கப்பல் அங்கேதானே நிற்கிறது, நிற்கட்டும். கால் வலிக்கிறது. கொஞ்சம் உட்காருகிறேன்.

ஐயா, போகிற போக்கில் ஓர் உதவி. நீங்கள் பிடித்திருக்கிற அந்த முனையை மணலில் விடாதீர்கள். மெதுவாக மடியுங்கள். அங்கே வைக்க வேண்டாம், அங்கே வெயில் விழுகிறது. இங்கே, என் பக்கத்தில், இந்தப் புன்னை மரத்தடியில், நிழலில் வையுங்கள்.